ராப்பம்மா கழுவி வைத்த வீடுகள்

அன்பு மகள் சில்கேவுக்கு, அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் கண்ணுக்கு எட்டாத தூரத்துல இருந்தாலும் நோய் நொடியில்லாம இருக்கணும், அது ஒண்ணுதான் தினமும் வேண்டிக்கிறது. இங்க நாங்க சுகம்னு வழக்கமா எழுதற வரியை இந்தத் தடவை எழுத வரல. பேனாவை எடுத்து எடுத்துக் கீழ வச்சுட்டேன். அதனால அந்த வரியை அப்படியே விட்டுட்டு மேல போறேன், தப்பா நினைக்காதே. ஃபோன்லயே சொல்லியிருக்கலாமேம்மான்னு நீ கேப்பே. உன் குரலைக் கேட்டதும் என் வாய் தானா எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அங்க வெயிலான்னு ஆரம்பிச்சுடுது, என்னால அதை நிறுத்த முடியல. போதாக்குறைக்கு ஃபோன் இருக்கிறது அப்பா கட்டிலுக்குப் பக்கத்துல. அவர் கேட்டுக்கிட்டு இருக்கும்போது எதைச் சொல்றது. காகிதத்துல எனக்குப் பொய் எழுத வரமாட்டேங்குது, அதனாலதான் இந்தக் கடிதம்.

விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். அப்பா சாப்பிட மாட்டேங்கிறார். மவுல்டாஷன் கொழுக்கட்டை போட்டு சூப் வச்சுக் கொடுத்தா ரெண்டு ஸ்பூன், அதுவும் நான் அழுவேன்னு பயந்து. மாத்திரையை வாய்க்குள்ள ஒதுக்கி வச்சுக்கிட்டு அப்புறமாத் துப்பிடறார். இடது கைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்க வர்ற பொண்ணு பெல் அடிச்சா கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கற மாதிரி கிடக்கார். அந்தப் பொண்ணும் பாவம், எத்தனை தடவை வாசலோட திரும்பிப் போகும். டாக்டர் வந்து நெஞ்சுல குழலை வச்சுப் பார்த்துட்டு, இதயம் களைச்சுப் போச்சு, ஆனா மருந்தால பண்ண வேண்டியதை நான் பண்ணிட்டேன், மிச்சம் அவரு வேணும்னு நினைக்கணும்னு சொல்லிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னா அப்பா தலையை ஆட்டறார், வேண்டாம்னு. ஈஸ்டருக்கு வர்றேன்னு எழுதியிருந்தே. சில்கே, ஈஸ்டருக்கு நீ வந்தா யாரைப் பார்க்க வருவேன்னு எனக்குத் தெரியல.

இது எப்படி இப்படி ஆச்சுன்னு உனக்குத் தெரியணும். பாதிதான் உனக்குச் சொல்லியிருக்கேன். வசந்த காலத்துல அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்ததும், பேச்சு குழறிப் போனதும் உனக்குத் தெரியும், நீ வந்து பார்த்துட்டுப் போனே. நீ போனப்புறம் கோடை முழுக்க அவர் ஜன்னல் பக்கத்துல உக்காந்து ரயில் போறதைக்கூடப் பார்க்காம சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தார். வாழ்நாள் முழுக்க இந்த மலை ஏற்றத்துல ரயிலைப் பின்னாலிருந்து தள்ளற இன்ஜினை ஓட்டின மனுஷன், தன் இன்ஜின் சத்தம் கேட்டாக்கூடத் திரும்பிப் பார்க்கல. அப்பத்தான் அவரோட பொம்மை ரயில் கிளப்புத் தலைவர் ஐகெலே வந்தார். அவரை உனக்கு ஞாபகம் இருக்கும், பெரிய மீசை, காபியை உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பார். ஆறு பிளாஸ்டிக் வீட்டுப் பெட்டிகளைத் தூக்கிட்டு வந்து மேஜை மேல வச்சார். கிளப்புல நம்ம ஏற்றத்தையே சின்னதா செஞ்சுக்கிட்டு இருக்காங்களாம், தண்டவாளம் மலை எல்லாம் ஆச்சாம், தண்டவாளத்துக்குக் கீழ இருக்கிற ரயில்வே வீட்டு வரிசை மட்டும் பாக்கியாம், அதாவது நாம குடியிருக்கிற இந்த வரிசை. ஓட்மார், இதை நீதான் செய்யணும், கிறிஸ்துமஸுக்கு முந்தி நடக்கற அட்வெண்ட் கண்காட்சிக்கு ஊரே வரும், வேற யாராவது செஞ்சா அது பொம்மைக் கடை மாதிரி பளபளன்னு நிக்கும்னு சொன்னார். அப்பா கையைக் காட்டினார், செத்த கையை. ஐகெலே விடல. உனக்குத்தான் இன்னும் ரெண்டு கை இருக்கே, லோரேயோடதுன்னார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு.

ஏன்னா உனக்கே தெரியும், அந்தப் பொழப்பை நான் எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கேன். கடையில புத்தம் புது பிளாஸ்டிக் வீட்டை வாங்கிட்டு வந்து, பாகம் பாகமா ஒட்டி, அழகாச் சாயம் அடிச்சு, அப்புறம் உக்காந்து அதை அழுக்காக்கறது. நான் ஒருத்தி வீட்டை அழுக்கில்லாம வச்சுக்கணும்னு முதுகு ஒடியத் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன், பக்கத்து அறையில ஒருத்தர் அழுக்கைப் பிரஷால வரைஞ்சுக்கிட்டு இருக்கார், இதுக்கு ஒரு கிளப்பு வேறன்னு உன் கல்யாணத்துல கூடச் சொல்லிச் சிரிச்சேனே. அப்பா அன்னிக்கு எல்லாரையும் விட அதிகமா சிரிச்சார். அப்புறம் நீ எழுந்து அந்தத் தண்ணித்தொட்டிக் கதையைச் சொன்னே. சின்ன வயசுல அவர் அறைக்குள்ள போய், அவர் செஞ்சு கரிப்பொடி தடவி வச்சிருந்த பொம்மைத் தண்ணித்தொட்டியை நீ தொட்டதும், உன் விரல் கருப்பானதும், அந்த விரலோட நீ வீட்டுல இருக்கிற கதவு பூரா தொட்டுக்கிட்டுப் போனதும், அப்பா போட்ட சத்தத்துல அலமாரிக் கப்பெல்லாம் ஆடினதும். நீ வேடிக்கையாத்தான் சொன்னே, எல்லாரும் சிரிச்சாங்க. அப்பா மட்டும் சிரிப்பை நிறுத்திட்டார். அன்னிக்கப்புறம் நான் அந்த அறைக்குள்ள போனதே இல்லைன்னு நீ முடிச்சேல்ல, அதுலதான்.

சரி, அந்தப் பழசு இப்ப எதுக்கு. ஐகெலே போனப்புறம் அந்த வீட்டுப் பெட்டிகள் அப்பா படுக்கைக்குப் பக்கத்துல கொஞ்ச நாள் அப்படியே கிடந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் நான் உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருக்கேன், உள்ள இருந்து குழறிக் குழறி லோரேன்னு கூப்பிட்டார். போனா இடது கையால ஒரு பெட்டியைத் திறக்கப் பார்த்துக்கிட்டு இருக்கார். திற, ன்னார். அவ்வளவுதான் ஆரம்பம். கத்தியால ஒவ்வொரு பாகமா அறுத்து எடுக்கச் சொன்னார், விளிம்பைத் தேய்க்கச் சொன்னார், பசையை ஊசி முனையில எடுத்து வைக்கச் சொன்னார். எனக்குக் கண்ணு தெரியல, கை வரல, ஜன்னல் கண்ணாடி பூரா பசை விரல். ஐயோ ஒரே மூடுபனியா இருக்கேன்னேன். அவர் சொன்னார், அந்த வீட்டுக்காரிக்குக் குளிர்காலம்னு வச்சுக்கன்னு. பேச்சு குழறினதுக்கப்புறம் அவர் பண்ணின முதல் கேலி அது சில்கே. நான் சமையலறைக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

ஒட்டி முடிச்சு, முதல்ல எல்லாத்துக்கும் சாம்பல் சாயம், அப்புறம் சுவருக்குச் செங்கல் நிறம், அப்புறம் வெள்ளைச் சாயத்தைத் தண்ணியாக் கரைச்சு மேல ஊத்தி உடனே துடைச்சா செங்கல் இடுக்குல மட்டும் சுண்ணாம்பு நிக்கும். இதெல்லாம் எனக்கு வந்துடுச்சு. ஆனா அழுக்கு பண்ற கட்டம் வந்ததும் என் கை வரமாட்டேன்னுச்சு. ஸ்பிரிட்டுல கருப்பு மையைக் கரைச்சு வச்சுட்டு, ம், தடவு, ங்கறார். நல்லாத்தானே இருக்கு, எதுக்குப் பாழாக்கணும்னு நான் பிரஷைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். அப்பத்தான் அவர் சொன்னார், மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா இழுத்து இழுத்து, எங்க அழுக்கு சேரும்னு உன்னைவிட யாருக்குத் தெரியும், வாழ்க்கை பூரா அதோட சண்டை போட்டவ நீதானேன்னு. உண்மைதானே. ஜன்னல் கட்டைக்குக் கீழ ரெண்டு ஓரத்துலயும்தான் தண்ணி வழிஞ்சு கோடு விழும், நடுவுல விழாது. மழைநீர்க் குழாய் வளையற இடத்துல துரு இறங்கும். தண்டவாளத்தைப் பார்த்த சுவருல, இறங்குற ரயில் பிரேக் பிடிச்சுப் பிடிச்சு வருமே, அந்த இரும்புத்தூள் ஒட்டி பழுப்பா நிக்கும், ரெண்டாம் மாடிக்கு மேல அது ஏறாது. பின்பக்கச் சுவருல பழுப்பு இருக்காது, பாசிதான். இந்தப் பழுப்பை எத்தனை வருஷமா என் ஜன்னல்ல துடைச்சிருக்கேன், அதே பழுப்பை வண்ணச் சாக்பீஸைச் சுரண்டின பொடியில நான் கலந்து காட்டினப்ப அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, கல்யாணம் ஆன புதுசுல கூட அப்படிப் பார்த்ததில்ல. பிரஷை நனைச்சு, துணியில முழுக்கத் துடைச்சுட்டு, ஒண்ணுமே மிச்சமில்லாத பிரஷால தடவணும்னு சொல்லிக் கொடுத்தார். ஒண்ணுமில்லாததை வச்சு எதைத் தடவறதுன்னு சண்டை போட்டேன். போட்டுட்டுத் தடவினேன். செங்கல் மேடெல்லாம் வெளுத்து அப்படியே உசிரோட வந்துச்சு. சொன்னா நம்புவியா, நான் சாயங்காலம் ஆனா போதும்னு காத்துக்கிட்டு இருக்க ஆரம்பிச்சேன்.

மூணாவது வீடு நம்ம வீடுதான். கீழ ராப்பம்மா வீடு, மேல நாம, மாடிப்படி ஜன்னல், எல்லாம் அப்படியே. வீட்டுக்குப் பின்னால ஒரு கரிக்கொட்டகை உண்டே, தகரக் கூரையோட, அதை மட்டும் அப்பா என்னைத் தொட விடல. அதைத் தானே செஞ்சார், இடது கையால. வலது கைக்காரர், உனக்குத் தெரியும், கையெழுத்துக் கூட இடது கையால வராது. பிரஷைப் பிடிச்சா அது கீழ விழும், நான் எடுத்துக் கொடுப்பேன், மறுபடி விழும். தீப்பெட்டி அளவு கொட்டகை. பயிற்சிப் பொண்ணு வந்து பார்த்துட்டு, நான் பந்தைப் பிடிக்கச் சொன்னா பிடிக்க மாட்டேங்கறார், இதுக்கு மட்டும் விரல் மடங்குதேன்னு சிரிச்சுது. இலையுதிர் காலம் பூரா அந்த ஒரு கொட்டகை. தகரத்துல ஆணி அடிச்ச இடம் ஒவ்வொண்ணுலயும் துளி துரு. கொஞ்சம் கோணல், ஒரு கோடு கூரையை விட்டு ஓடிப்போச்சு. ஆனா அது முடிஞ்ச அன்னிக்கு அவரே ஸ்பூனைப் பிடிச்சு பருப்பும் ஸ்பெட்ஸ்லே நூடுல்ஸும் ஒரு தட்டு பூரா சாப்பிட்டார், மேலெல்லாம் சிந்திக்கிட்டு. நான் துடைக்கப் போனேன், விடுன்னார்.

இனிமே வர்றதை எப்படி எழுதறதுன்னு தெரியல. ஸ்பிரிட் வாடை அப்பா நெஞ்சுக்கு ஆகாது, வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு டாக்டர் முதல்லயே கண்டிச்சிருந்தார். அதனால வேலை முடிஞ்ச வீடுகளை மாடிப்படித் திருப்பத்துல இருக்கிற அகல ஜன்னல் திண்டுல வரிசையா வச்சு உலர விடுவோம். எல்லாம் முடிஞ்சு கடைசியில மங்கல் பூச்சு ஒண்ணு அடிக்கணும், டப்பாவுல வர்றது. அது அடிச்சாத்தான் சாக்பீஸ் பொடி சுவரோட பிடிச்சுக்கும், அதுவரைக்கும் விரல் பட்டாலே வந்துடும். அதைக் கொல்லையில வச்சு, வறண்ட நாள்லதான் அடிக்கணும். ஈரத்துல அடிச்சா பால் ஊத்தின மாதிரி வெளுத்துடும்னு அப்பா ஒரே பிடியா நின்னார். நவம்பர்ல இந்தப் பள்ளத்தாக்குல வறண்ட நாளுக்கு எங்க போறது. மழை, மூடுபனி, மறுபடி மழை. தினமும் காலையில அப்பா ஜன்னலைப் பார்த்துட்டு, இன்னிக்கு இல்ல, ம்பார். ஐகெலே ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டார், அட்வெண்ட் வரப்போகுது, வீடு எங்கேன்னு. நாளைக்கு, நாளைக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தோம்.

அந்த வாரம் படிக்கட்டுப் பெருக்கற முறை ராப்பம்மாவோடது. இந்த வாரம் யார் முறைன்னு காட்டற பலகை அவங்க கதவுல தொங்குச்சு. அட்வெண்டுக்கு முந்தின வாரம்னா அவங்க சும்மா பெருக்க மாட்டாங்க, உனக்குத் தெரியாததா, கைப்பிடிக் கம்பிக்கு அடியில கூட விரலை விட்டுத் துடைப்பாங்க, விளக்குக் குமிழைக் கழட்டிக் கழுவுவாங்க. நான் அப்பாவைச் சக்கர நாற்காலியில வச்சு டாக்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து அவரை மெதுவா ஒவ்வொரு படியா ஏத்தறேன். திருப்பத்துக்கு வந்ததும் அப்பா நின்னார். நான் என்ன, மூச்சு வாங்குதா, ன்னேன். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் திண்டுல ஆறு வீடும் வரிசையா நிக்குது, பளபளன்னு. பிளாஸ்டிக் அப்படியே மின்னுது. சோப்புத் தண்ணியில முக்கி, பழைய பல் பிரஷால தேய்ச்சு, துணியால ஒத்தி எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் அடியில லேஸ் விரிப்பு கூடப் போட்டு வச்சிருந்தாங்க. துரு இல்ல, பழுப்பு இல்ல, பாசி இல்ல, செங்கல் இடுக்குல இருந்த வெள்ளையும் பாதி போச்சு, ஓரமெல்லாம் சாயமே உரிஞ்சு நிக்குது. கொட்டகைத் தகரம் புதுத் தகரமா இருந்துச்சு.

ராப்பம்மா கதவைத் திறந்துக்கிட்டு வெளிய வந்து நின்னாங்க, ஏப்ரன்ல கையைத் துடைச்சுக்கிட்டே, முகமெல்லாம் சந்தோஷம். நம்ம வீடுன்னு பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு ஓட்மார், ஊரே பார்க்கப் போகுதாமே, என் சமையலறை ஜன்னல் அந்த லட்சணத்துலயா இருக்கும், லோரேக்கு உங்களைப் பார்க்கவே நேரம் சரியா இருக்கு, பாவம் எங்க துடைக்கப் போறா, அதான் படியோட படியா இதையும் பண்ணிடலாம்னு பண்ணினேன்னு சொன்னாங்க. வாயைத் திறந்தா என்ன வரும்னு எனக்கே தெரியல. ஆனா அப்பா என் கையை அழுத்தினார். ராப்பம்மாவைப் பார்த்து, அந்தக் குழறின வாயால, நல்லா சுத்தமா இருக்கும்மா, ரொம்ப நன்றின்னு சொன்னார். அவ்வளவு தெளிவா அவர் வருஷம் பூரா எதையும் சொன்னதில்ல. அப்புறம் வீட்டுக்குள்ள வந்து படுத்தவர்தான். இடது கையைப் போர்வைக்குள்ள வச்சுக்கிட்டார். இன்னிக்கு வரைக்கும் அந்தக் கை வெளிய வரல.

மறுநாள் நான் கீழ இறங்கிப் போய் ராப்பம்மாவைப் பிடிச்சுக்கிட்டேன். என்னென்ன பேசினேனோ, படிக்கட்டே அதிர்ந்துச்சு. உங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லையா, அது தானா சேர்ந்த அழுக்கா, ஒரு மனுஷன் கை ஒடிஞ்சு வரைஞ்சதுன்னு கத்தினேன். அவங்களுக்கு முதல்ல புரியவே இல்ல. அழுக்கை வரையறதா, யாருக்கு வேணும் அழுக்குன்னு கேட்டாங்க. போன வருஷம் வரைக்கும் நானே கேட்ட கேள்வி, சில்கே. விஷயம் புரிஞ்சதும் அவங்க அப்படியே முதல் படியில உக்காந்துட்டாங்க. படிக்கட்டுல இருந்தா அதுவும் படிக்கட்டுதானே லோரே, நான் விட்டுட்டுப் போயிருந்தா நீயே என்ன சொல்லியிருப்பே, ராப்பம்மா ஜன்னல் திண்டைத் துடைக்காம ஏமாத்திட்டாங்கன்னு சொல்லியிருக்க மாட்டியான்னு அழுதாங்க. சொல்லியிருப்பேன். சத்தியமா சொல்லியிருப்பேன். அதுக்கு மேல எப்படிச் சண்டை போடறது. யார் மேலயாவது கோபம் இருந்தா அதையாவது பிடிச்சுக்கிட்டு நிக்கலாம், எனக்கு அதுவும் இல்லாமப் போச்சு. ஒரு வாரம் கழிச்சு அவங்க ஜாம் பாட்டில் ஒண்ணைக் கொண்டு வந்து வாசல்ல வச்சுட்டுப் போனாங்க. உள்ள பார்த்தா தூசி. நிலவறை மூலையில பெருக்கி, சல்லடையில சலிச்சு எடுத்த தூசி. அந்த அம்மா வாழ்நாள்ல தூசியைச் சேர்த்து வச்சது இதுதான் முதல் தடவை. நான் அதை அப்பாகிட்டக் காட்டினேன், சிரிப்பார்னு நினைச்சேன். சிரிக்கல. பாவம், ன்னார்.

ஐகெலே வந்தார், மீசை தொங்கிப் போச்சு. கிளப்புல என்கிட்ட நாலு வீடு இருக்கு, அதை வைக்கட்டுமான்னு கேட்டார். அப்பா வேண்டாம்னு தலையை ஆட்டினார். அப்போ கழுவின வீட்டையே மறுபடி எடுத்துக்கிட்டு நாலு பேரா உக்காந்து செஞ்சுடலாமேன்னார். அதுக்கும் அப்பா தலையைத்தான் ஆட்டினார். நான் கண்காட்சிக்குத் தனியாப் போனேன், போகாம இருக்க மனசு கேக்கல. பள்ளிக்கூட மண்டபம், ஒரே கூட்டம், சாஸேஜ் வாசனை. நம்ம ஏற்றம் அப்படியே இருக்கு சில்கே, வளைவு, பாறை, எல்லாம். ரயில் கீழ வருது, தள்ளற இன்ஜின் பின்னால ஏறுது. தண்டவாளத்துக்குக் கீழ ஆறு சதுரம் வெறுமையா இருக்கு, வீடு நிக்க வேண்டிய இடம். ஐகெலே அங்க வேற எதையும் வைக்கல, ஒரு மரம் கூட. ஒருத்தர் என்கிட்டயே கேட்டார், இங்க குண்டு விழுந்துதான்னு. நான் ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட எல்லாம் நல்லா இருந்துச்சு, உங்க இன்ஜின் வழுக்காம ஏறிச்சுன்னு மட்டும் சொன்னேன். இந்த வருஷம் நான் கிறிஸ்துமஸுக்குக் குட்ஸ்லே பிஸ்கட் கூடச் சுடல. யாருக்குச் சுடறது.

அதுக்கப்புறம் நான் ஒண்ணு பண்ணினேன். அவர் பகல்ல தூங்கற நேரமாப் பார்த்து, சமையலறையில அந்தக் கரிக்கொட்டகையை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன். அவர் பண்ணினது எனக்கு அங்குலம் அங்குலமா ஞாபகம் இருக்கு, எத்தனை நாள் பக்கத்துலயே உக்காந்து பார்த்தது. சாம்பல் அடிச்சேன், தகரம் அடிச்சேன், ஆணி அடிச்ச இடம் ஒவ்வொண்ணுலயும் துரு வச்சேன், அந்தக் கோணலையும் வச்சேன், கூரையை விட்டு ஓடிப்போன கோட்டைக் கூட விடல. என் வலது கையால பண்ணினா ரொம்ப ஒழுங்கா வருதுன்னு இடது கைக்கு மாத்திக்கிட்டேன். கடைசியில ராப்பம்மா பாட்டிலைத் திறந்து அந்தத் தூசியைத் தொட்டு மேல தடவினேன். நல்லாத்தான் வந்துச்சு, நானே ஏமாந்துடுவேன் போல இருந்துச்சு. நேத்து மத்தியானம் அவர் முழிச்சதும் கொண்டு போய்க் கண்ணுக்கு முன்னால பிடிச்சேன். ரொம்ப நேரம் பார்த்தார். கை வெளிய வரும், கை வெளிய வரும்னு நான் போர்வையையே பார்த்துக்கிட்டு இருக்கேன். அவர் சொன்னார், ரொம்ப நல்லா இருக்கு லோரே, ஆனா இது உன் கை. அவ்வளவுதான் சொன்னார். கோபமா இல்ல, வருத்தமாக் கூட இல்ல. என்னால முடிஞ்சதெல்லாம் இவ்வளவுதான், இனிமே என்கிட்ட ஒண்ணும் இல்ல.

நான் எழுந்தேன். அப்ப மறுபடி கூப்பிட்டார். அதுக்குப் பூச்சு அடிக்காதேன்னார். நான் சொன்னேன், வெளிய இன்னிக்கு வறண்டுதான் இருக்கு, இத்தனை நாள் கேட்டீங்களே அந்த மாதிரி நாள், அடிச்சுட்டா பத்திரமா இருக்குமேன்னு. வேண்டாம், அடிச்சா பொடி வராதுன்னார். எதுக்கு வரணும்னு கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டார். அப்புறம் சொன்னார், சில்கே வந்து தொடட்டும், நான் சத்தம் போட மாட்டேன்னு.

அதைக் கேட்டு நான் என்ன சொன்னேன், என்ன பண்ணினேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. கொட்டகையை அவர் மாத்திரை வைக்கிற ஸ்டூல் மேல, அவர் கண்ணுல படற மாதிரி வச்சிருக்கேன். வந்து போறவங்க யாரையும் பக்கத்துல விடறதில்ல, டாக்டரைக் கூட அந்தப் பக்கமா நின்னு பாருங்கன்னேன். ஜன்னலைத் திறக்கவே பயமா இருக்கு, காத்துல பொடி பறந்துடுமோன்னு. இன்னிக்குக் காலையில மூணு ஸ்பூன் சூப் குடிச்சார். மூணாவது ஸ்பூன் எனக்காக இல்லன்னு நினைக்கிறேன். ஆனா நம்பிக்கைன்னு எதையும் உனக்கு நான் எழுதல, எழுத என்கிட்ட இல்ல. டாக்டர் முகத்தைப் பார்த்தா எனக்குத் தெரியாதா.

இன்னும் ஒண்ணு. இந்த வாரம் பெருக்கற பலகை நம்ம கதவுல தொங்குது. திங்கக்கிழமையிலிருந்து தொங்குது. நான் பெருக்கல. படியில ஈரச் செருப்புத் தடம் அப்படியே காஞ்சு கிடக்கு, ராப்பம்மா அதைத் தாண்டித் தாண்டிப் போறாங்க, ஒரு வார்த்தை சொல்லல. நான் கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து, நீ பிறந்த வாரத்துல கூட, நான் பெருக்காம விட்டதில்லன்னு உனக்குத் தெரியும். அதுலருந்து புரிஞ்சுக்கோ.

நீ வைத்தியம் பாக்கற ஆடுகளை அங்க வேற மாட்டு டாக்டர் பார்த்துக்கட்டும், மாப்பிள்ளைகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு, அவர் தடுக்க மாட்டார், நல்ல மனுஷன். கனமான கோட்டு எடுத்துட்டு வா, இங்க குளிர் எலும்பு வரைக்கும் போகுது. வழியில எதையாவது சாப்பிடு, அழுதுக்கிட்டே பட்டினியா வந்து நிக்காதே. உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் எந்தக் குறையும் வராம நீண்ட ஆயுசோட இருக்கணும்னு அப்பாவும் நானும் வாழ்த்தறோம். அப்பா வாயால சொல்லல, ஆனா அவர் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்துதான் இதை எழுதறேன், அதனால அவரும் சொன்னதா எடுத்துக்கோ.

மறந்துடாதே. சின்ன வயசுலருந்து வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல கையைக் கழுவு, கையைக் கழுவுன்னு உன்னை நான் விரட்டினதெல்லாம் இப்ப வேண்டாம். செருப்பைக் கூடக் கழட்ட வேண்டாம், நேரா அப்பாகிட்டப் போ. அவர் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அதைத் தொடு. அப்புறம் அந்தக் கையோட வீட்டுல எந்தக் கதவுல வேணும்னாலும் கை வை. நான் துடைக்க மாட்டேன்.

உன் அம்மா,
லோரே